மருந்தில் திணைமயக்கம்

பசுவை 'அம்மை' என்று அழைப்பது வழுவா, வழுவமைதியா? நன்னூல் கற்ற மாணாக்கர் எவரும் இவ்வினாவுக்குத் தயங்காது விடை கூறுவர். பசு அஃறிணை, அம்மை உயர்திணைச் சொல். அஃறிணைப் பொருளை உயர்திணையாகக் கூறுதல் திணைவழு. எனினும், உள்ளத்து உவகை மேலீட்டால் அவ்வாறு கூறுவாரைக் குற்றங் கூறாது, அதனை வழுவமைதி என ஏற்றுக்கொண்டனர் நம் இலக்கண ஆசிரியர்கள். அன்பு இலக்கணத்தையும் சிறிது வளைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

சென்ற தவணையில், வார இறுதிகளில் யான் பாடஞ் சொல்லும் கீழைத்தேயக் கல்லூரி வகுப்பில் இப்பகுதியை விளக்கிக்கொண்டிருந்தேன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து நின்று, "ஐயா, சொல்லில் திணை மாறினால் அமைதி என்கிறீர்கள். மருந்தில் மாறினால்?" என்று வினவினாள். வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் வீட்டு நாய்க்கு உண்ணிக் காய்ச்சலாம். அண்ணன் பதுளை நகரத்துப் பாமசியொன்றில் மனிதருக்குரிய குளிசைகள் சிலவற்றை வாங்கி வந்திருக்கிறான். கொடுப்பதா, விடுவதா என்று வீட்டில் வழக்கு நடக்கிறது. அவ்வினாவின் பின்னணி இதுவே.

யானும் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் இல்லத்தில் சாம்பல் நிறப் பூனையொன்று வளர்ந்தது. என் மகள் அதற்குப் பெயரும் 'சாம்பல்' என்றே இட்டிருந்தாள். ஓரிரவு அயல்வீட்டுக் கடுவனோடு பொருது, தோளிற் காயத்தோடு வந்து படுத்தது. மறுநாள் அதன் உடம்பு கொதித்தது. காய்ச்சலுக்கு நாம் உண்பது பரசிற்றமோல் அன்றோ? கடைத்தெருவுக்குச் சென்று இரண்டு குளிசை கேட்டேன். கடைக்காரர் பட்டையிலிருந்து கத்தரித்துத் தந்தார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. பூனைக்கு என்று யானும் சொல்லவில்லை. 500 மில்லிகிராம் குளிசையொன்றைப் பாதியாக உடைத்து, பாலிற் கரைத்து, அன்போடுதான் புகட்டினேன். அன்று மாலை அதன் முகம் வீங்கிற்று. ஈறு தேயிலைச் சாய நிறமாயிற்று. மூச்சு முட்டிற்று. மறுநாட் காலை கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோவதற்குப் பெட்டி தேடிக்கொண்டிருக்கும்போதே அதன் உயிர் பிரிந்தது.

பின்னர் ஒரு கால்நடை வைத்தியரிடம் கேட்டறிந்தேன். பரசிற்றமோலை உடம்பிலிருந்து கழித்துவிட மனிதனின் ஈரல் கையாளும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவாகவே உண்டாம். கழிக்கப்படாத மருந்து நஞ்சாக மாறி, செங்குருதிக் கலங்களைத் தாக்கி, அவை உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடுகிறது. ஈறு நிறம் மாறியது அதனால். உரிய வேளையிற் கொண்டுவந்திருந்தால் மாற்று மருந்து உண்டு என்றும் அவர் கூறினார். அதைக் கேட்டபோதுதான் நெஞ்சு மிக நொந்தது. பசுவை அம்மை என்றழைத்தவன் வாயாற் செய்தது வழுவமைதி. பூனையை மனிதனாக எண்ணி யான் கையாற் செய்தது வழு, அமைதியில்லாத வழு.

என் ஒருவனுக்கு நேர்ந்த துன்பம் எனின் இப்பக்கத்தில் அதற்கு இடங்கேட்டு வந்திரேன். வளர்ப்புயிர்களுக்கு மருந்தை எங்கே வாங்குவது, எப்படி வாங்குவது, கையிலுள்ள காசுக்குள் எப்படி வாங்குவது என்னும் வினா இன்று பதுளையிலும் ஊவாத் தோட்டங்களிலும் வீடுதோறும் உள்ளது. லயத்து வாசலில் நாய் இல்லாத வீடு அரிது. பின்புறத்தில் ஒரு பசுவைக் கட்டிப் பால் விற்றுப் பிள்ளைகளின் கொப்பி வாங்கும் குடும்பங்களும் பல. இவர்களுக்கு நோய் வந்த விலங்கு ஒரு பாசம்; சில வேளை ஒரு வருவாயுங்கூட. ஆயினும், மருந்து வாங்குமிடத்தைத் தெரிவுசெய்வதற்கு இவர்களிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றே: எங்கே மலிவு?

அவ்வளவுகோலை இகழ யான் முன்வரேன். 2024ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் உண்ணிக் குளிசை ஒன்றே ஒரு நாட்கூலியை விழுங்கி ஏப்பமிடும். 2022ஆம் ஆண்டில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது, டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது சில திங்களில் 360 ரூபாவளவுக்கு ஏறிற்று. இறக்குமதியாகும் மருந்து யாவும் அதனோடு ஏறின. இந்நிலையில் ஏழை மலிவைத் தேடுவது குற்றமன்று. மலிவென்று அவனுக்குக் காட்டப்படுவது உண்மையில் மலிவுதானா என்பதே கேள்வி.

நம்மவர் இப்போது மருந்து பெறும் இடங்களை எண்ணிப் பார்ப்போம். முதலாவது, அயல்வீடு. போன மாதம் அவர்கள் நாய்க்கு மிஞ்சியது இன்று நம் நாய்க்கு. இரண்டாவது, யாருக்கு என்று கேளாத கடை. மூன்றாவது, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் மரக்கறித் தோட்டங்களுக்கு நாசினி விற்கும் கடை. கோவாப் புழுவுக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரிற் கலந்து நாயைக் குளிப்பாட்டினால் உண்ணி விழும் என்பது அங்கே வழங்கும் வைத்தியம். உண்ணி விழுவது மெய். நாய் தன் தோலை நக்கும் என்பதும், அத்தோல் வழியாகவே நஞ்சு உட்செல்லும் என்பதும், சில நாய்கள் உண்ணியோடு தாமும் விழும் என்பதும் மெய்யே. நான்காவது, கைபேசியிற் படம் காட்டி, பொதியில் அனுப்பிவைக்கும் முகமறியா விற்பனையாளர். இந்நான்கிடத்துக்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. எங்கும் எவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

கேள்வி ஏன் வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். ஐவமெக்ரின் என்பது சிறந்த மருந்து. யப்பானிய மண்ணிற் கண்டெடுத்த நுண்ணுயிரியிலிருந்து பெறப்பட்டது. அதன் ஆய்வுக்காக ஒமுரா, காம்பெல் என்னும் அறிஞர் இருவர் 2015ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். மாட்டுக்கு ஊசியாக ஏற்றும் ஐவமெக்ரின் பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கு செறிவுடையது. அதன் ஒரு மில்லிலீற்றரில் 10,000 மைக்கிரோகிராம் மருந்து இருக்கும். நாய்க்கு இதயப்புழு வாராமற் காக்கத் திங்கள்தோறும் கொடுக்கும் அளவோ, நிறையில் ஒரு கிலோவுக்கு 6 மைக்கிரோகிராம் மட்டுமே. பத்துக் கிலோ நாய்க்கு 60 மைக்கிரோகிராம் போதும். மாட்டு மருந்தில் ஒரு துளி கொடுத்தாலும் அவ்வளவைப் போல எட்டு மடங்காகிவிடும். சொறிநோய்க்கு வைத்தியர் இதனிலும் கூடிய அளவு கொடுப்பதுண்டு. ஆனால் நாயைப் பார்த்து, நிறுத்து, இனத்தையும் விசாரித்த பின்பே கொடுப்பார். ஏனெனில், கொலி முதலிய சில இனங்களிற் பல நாய்களுக்கு, இம்மருந்து மூளைக்குட் புகாது தடுக்கும் அமைப்பிற் பிறவிக் குறையுண்டு. மற்றை நாய் தாங்கும் அளவே அவற்றைக் கொல்லலாம்.

இன்னும் இரண்டு கூறுவேன். நாயின் முதுகிற் சொட்டாக இடும் சில உண்ணி மருந்துகளில் பேமெத்திரின் உண்டு. அதே சொட்டைப் பூனைக்கு இட்டால் வலிப்பு வந்து இறக்கும். மனிதர் பருகும் சில பாணி மருந்துகளில் இனிப்புக்காகச் சைலிற்றோல் சேர்க்கப்படுகிறது. நமக்கு அது தீங்கற்ற இனிப்பு, நாய்க்கு நஞ்சு. மனிதன், நாய், பூனை, பசு என்பன நம் பேச்சில் 'உயிர்' என்னும் ஒரு சொல்லுள் அடங்கலாம். மருந்தின் முன்னே ஒவ்வொன்றும் தனித் திணை.

இத்திணைமயக்கத்தின் கேடு ஒரு வீட்டு முற்றத்தோடு முடிவதுமன்று. பாரத நாட்டில் நடந்ததை நினைவூட்டுகின்றேன். டைக்குளோபினாக்கு என்னும் வலிநீக்கி அங்கே மாடுகளுக்கும் மலிவாகக் கொடுக்கப்பட்டது. மாடு இறந்தபின் அதன் உடலைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. வெண்முதுகுக் கழுகுகள் 1992க்கும் 2007க்கும் இடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் அழிந்தன. காரணம் இம்மருந்தே என 2004இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். 2006இல் இந்திய அரசு விலங்குகளுக்கு அதனைத் தடைசெய்தது. ஆயினும் மனிதருக்கென விற்ற பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்கு ஏற்றும் வழக்கம் நிற்கவில்லை. ஒரே குப்பியிற் பல முறைக்கு மருந்து இருந்தமையால் அது மலிவாயிற்று. ஆதலால் 2015இல் மனிதருக்குரிய குப்பியையும் 3 மில்லிலீற்றராகச் சுருக்க நேர்ந்தது. அக்கட்டுப்பாட்டை எதிர்த்த வழக்கில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதனையே உறுதிசெய்தது. மாட்டுக்காரன் ஒவ்வொருவனும் சில ரூபா மிச்சம்பிடித்தான். வானம் கழுகை இழந்தது. மலிவின் விலையைச் சில வேளைகளில் வாங்கியவன் செலுத்துவதில்லை, வேறெவரோ செலுத்துகின்றனர்.

இனி, எங்கே வாங்குவது என்னும் வினாவுக்கு வருவோம். திருக்குறளில் மருந்து என்பது தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். அதன் இறுதிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக் காட்டுகிறது: நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன். மனிதனுக்கு நோய் வந்தால் இந்நான்கும் தத்தம் வேலையைச் செய்யும். நோயாளியே 'எனக்கு இம்மருந்து ஒவ்வாது' என்று சொல்லக்கூடும். விலங்கு நோயுற்றால் முதலாம் உறுப்பு ஊமை. அதன் நாவாக நின்று பேசவேண்டிய கடமை நான்காம் உறுப்பாகிய நம் தலையில் விழுகிறது. நாமோ இரண்டாம் உறுப்பை விட்டுவிட்டு, நேரே மூன்றாம் உறுப்பை வாங்கச் செல்கின்றோம். நோயாளி பேசான், வைத்தியன் இல்லை, விற்பவன் கேளான், வாங்குபவன் சொல்லான். நான்கு வாயும் அடைபட்ட இடத்தில் மருந்து மட்டும் கைமாறுகிறது.

ஆகவே என் துணிபு இது: எந்த இடத்தில், 'இம்மருந்து யாருக்கு? அதன் நிறை என்ன? வயது என்ன? சினையா? வேறென்ன மருந்து கொடுக்கிறீர்கள்?' என்று நம்மைக் கேட்கிறார்களோ, அதுவே மருந்து வாங்கத்தக்க இடம். கேள்வி கேளாத கடையிற் பாதி விலைக்குக் கிடைத்தாலும் அது விலையுயர்ந்ததே.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால் முதலில் நிற்பது அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகம். ஊவா மாகாணத்திற் பல பிரதேசங்களில் இது உண்டு. மாடும் ஆடும் மட்டுமே அங்கே போகலாம் என்று எண்ணி நாய், பூனை வளர்ப்போர் பலர் அப்படி ஏறுவதில்லை. அது தவறான எண்ணம். அடுத்து, நகரத்துத் தனியார் கால்நடை வைத்தியர். 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கால்நடை வைத்தியர்கள் பதிவுசெய்யப்பட வேண்டும். பதிவுள்ளவரா என்று கேட்பதற்கு நாம் கூச வேண்டுவதில்லை. கடும் நோய்க்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கால்நடை வைத்திய பீடத்தின் மருத்துவமனை உண்டு. ஆனால் பதுளையிலிருந்து அது நெடும் பயணம்.

மூன்றாவதாகவே கடை. இங்கே ஒரு தடையை எழுப்புவாருண்டு. "கால்நடை வைத்தியரே சில வேளை மனிதருக்குரிய மருந்தை எழுதித் தருகிறாரே, அப்படியிருக்க நாமே நேரே வாங்கினால் என்ன?" என்பர். மெய்தான், நுண்ணுயிர்க்கொல்லிகளிற் சில மனிதனுக்கும் நாய்க்கும் பொது. அத்தகையவற்றை வைத்தியரின் மருந்துத் துண்டோடு பாமசியில் வாங்குவது பெரும்பாலும் சிக்கனமான வழியுமாகும். ஆயினும் அத்துண்டை வெறுங் கடதாசியாக எண்ணற்க. கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் கேட்கப்பட்டுவிட்டன என்பதற்குச் சாட்சி அது.

கடையில் வாங்கும்போது நாம் பார்க்க வேண்டியவை சில. குளிசைப் பட்டையைப் பெயரும் காலாவதித் திகதியும் உள்ள பகுதி போகும்படி கத்தரித்துத் தந்தால் வாங்கற்க. மருந்தின் மூலப்பெயர், செறிவு, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, இறக்குமதி செய்தவர் பெயர் ஆகியவை உறையில் இருத்தல் வேண்டும். நம் நாட்டில் மனிதர் மருந்துக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், விலங்கு மருந்துக்கு 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்ச் சட்டமும் காவலாக உள்ளன. பதிவின்றி ஒளித்துக் கொண்டுவரப்பட்ட மருந்துக்கு இவ்விரு காவலும் இல்லை. தடுப்பூசி மருந்தாயின் 2 முதல் 8 பாகை செல்சியசு குளிரில் இருந்ததா என்று கேட்க வேண்டும். 2022இன் மின்வெட்டுக் காலத்தில், ஒரு நாளிற் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை நாம் மறந்திலோம். குளிர் கெட்ட தடுப்பூசி பார்வைக்கு நல்ல தடுப்பூசி போலவே இருக்கும். காக்க மட்டும் காவாது. இறுதியாக, பற்றுச்சீட்டுப் பெறுதல் வேண்டும். பற்றுச்சீட்டுத் தர மறுப்பவர் தாம் விற்கும் பொருளுக்குப் பொறுப்பேற்க மறுக்கிறார்.

சிக்கனத்துக்கு வழி இல்லையோ எனின், உண்டு. மருந்தை வணிகப் பெயராற் கேளாது மூலப்பெயராற் கேட்பதே அதிற் பெரிது. இந்நெறியை நம் நாட்டில் நிலைநாட்ட உழைத்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. பிபிலை நம் ஊவாவில் உள்ள ஊர். அவ்வூரின் பெயர் அவர் பெயரில் இருக்கிறது. மருந்தை மூலப்பெயரால் எழுதுக, தேவையானவற்றை மட்டும் தெரிவுசெய்க, உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்குக என்பன அவர் கொள்கைகள். 1971இல் நிறுவப்பெற்ற அரச மருந்துக் கூட்டுத்தாபனம் அக்கொள்கையின் வழிவந்தது. 1977இல் கயானாவில் அவர் காலமானார். மனிதருக்கு அவர் காட்டிய வழியை வாயில்லா உயிர்களுக்கும் விரித்தால் என்ன? 'இதே மருந்து குறைந்த விலையில் வேறு பெயரில் உண்டா?' என்று வைத்தியரைக் கேட்பது அவமதிப்பன்று. நல்ல வைத்தியர் அதனை விரும்பியே ஏற்பார். விலங்கை நிறுத்து நிறையைச் சொன்னால் அளவு சரியாகும், மருந்து வீணாகாது. நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் நாய்களுக்கு இலவசமாகவே போடுகின்றனர். இலவசமாகக் கிடைப்பதைத் தவறவிட்டுப் பின்னர் விலைகொடுத்துத் தேடுவது பேதைமை.

ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேசியபோது நண்பரொருவர் முகஞ்சுளித்தார். "மனிதனுக்கே மருந்து கிடையாத நாட்டில் பூனைக்கு மருந்து பேசுகிறீரே, பண்டிதரே!" என்றார். அவர் கேள்வியிலும் நியாயம் உண்டு. விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன். நாய்க்குத் தடுப்பூசி தவறினால் விசர் நாய்க்கடியால் இறப்பது மனிதப் பிள்ளை. பசுவுக்கு நுண்ணுயிர்க்கொல்லியை அளவின்றி ஏற்றினால் அது பாலோடு வந்து நம் குவளையில் இறங்கும். அரைகுறையாகக் கொடுத்து நிறுத்திய மருந்துக்குக் கிருமி பழகிவிட்டால், நாளை அதே மருந்து மனிதனுக்கும் பயன்படாது போகும். விலங்கு வைத்தியம் மனித வைத்தியத்துக்குப் போட்டியன்று, அதன் புறமதில்.

இது புதுக் கருத்துமன்று. கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோக மன்னன் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கும் விலங்குக்கும் ஆகிய இருவகை வைத்தியத்தையும் ஏற்படுத்தியதாகப் பொறித்தான். தன் நாட்டுக்கு அப்பாற்பட்ட சோழர், பாண்டியர் முதலியோர் நாடுகளையும் தம்பபண்ணியாகிய நம் இலங்கையையும் அங்கே குறிப்பிடுகின்றான். மூலிகை இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொணர்வித்து நடுவித்ததாகவும் கூறுகின்றான். இருவகை என்று பிரித்ததைக் கவனிக்க: ஒன்றை மற்றொன்றாக மயக்கவில்லை. மருந்து இல்லாத இடத்துக்கு அதைக் கொண்டுசேர்த்தான் என்பதையும் கவனிக்க: நோயாளியை அலைய விடவில்லை.

இன்றைய அதிகாரிகளிடம் யாம் வேண்டுவதும் இவ்வளவே. தோட்டப் பிரிவுகளுக்குத் திங்களுக்கு ஒரு முறையேனும் கால்நடை வைத்தியர் மருந்துப் பெட்டியோடு வருதல் வேண்டும். ஒரு பசுவை லொறியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவரும் செலவுக்கு அஞ்சியே பலர் கேளாக் கடைக்குச் செல்கின்றனர். இன்றியமையாத விலங்கு மருந்துகளின் பட்டியலொன்று மூலப்பெயரோடும் நியாய விலையோடும் அலுவலக வாசலில் தொங்குதல் வேண்டும். அப்பட்டியலும் மருந்துறை மீதுள்ள அறிவுறுத்தலும் தமிழிலும் இருத்தல் வேண்டும். தமிழ் 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் 'பூனைக்குக் கொடுக்கற்க' என்னும் இரு சொல் தமிழில் இல்லாமையால் ஒரு பூனை இறப்பின், அச்சட்டத்தால் அவ்வீட்டுக்கு வந்த பயன் யாது?

அரசு செய்யும்வரை காத்திராது நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஆசிரியர்களே, மாணாக்கர்களே, தோட்டத்தில் ஆங்கிலமும் சிங்களமும் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நீங்களே. அயலார் ஒருவர் நோயுற்ற நாயோடு வாசலில் நின்றால், உறையிலுள்ளதைப் படித்துச் சொல்லுங்கள். அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். நோயின் வரலாற்றை மொழிபெயர்த்துக் கூறுங்கள். குறள் கூறும் நான்காம் உறுப்பு மருந்து புகட்டும் கை மட்டுமன்று. நோயாளிக்காகப் பேசும் வாயுமாகும்.

அந்த மாணவியின் நாய்க்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அன்று வகுப்பு முடிந்ததும் பூனையின் கதையை அவளுக்குச் சொன்னேன். மறுநாள் அண்ணனும் தங்கையும் நாயைக் கொழுந்துச் சாக்கிற் போட்டு, கொழுந்து நிறுக்கும் தராசிலே தொங்கவிட்டிருக்கிறார்கள். நிறுத்தவர் சிரித்துக்கொண்டே பதினான்கு கிலோ என்று கணக்குச் சொன்னாராம். அந்நிறையைக் கடதாசியில் எழுதிக்கொண்டு கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சென்றனர். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது ஒரே நோயன்று. எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரியாலும் வரும். பபீசியா என்னும் குருதி ஒட்டுண்ணியாலும் வரும். முன்னதைத் தீர்க்கும் மருந்தை மட்டும் நம்பிப் பின்னதைத் தீர்க்க முடியாது. வைத்தியர் குருதி எடுத்துப் பார்த்து, முன்னதே என்று துணிந்து, டொக்சிசைக்கிளின் எழுதிக் கொடுத்தார்.

அண்ணன் முன்னரே வாங்கி வைத்திருந்ததும் டொக்சிசைக்கிளினே! ஆனால் அவன் வாங்கியது மூன்று நாளைக்கு. வைத்தியர் எழுதியது இருபத்தெட்டு நாளைக்கு. அவன் எண்ணியிருந்த அளவு ஆளுக்கு; வைத்தியர் எழுதிய அளவு பதினான்கு கிலோவுக்கு. மருந்து ஒன்றே, கேள்வி கேட்டபின் அது வேறு மருந்தாயிற்று. நாய் இப்போது கொழுந்து மலைக்கு அண்ணனோடு ஏறுகிறதாம்.

அவள் அடுத்த வகுப்புக்கு வந்தபோது தன் வினாவுக்குத் தானே விடை எழுதி வந்திருந்தாள். "ஐயா, சொல்லில் திணை மாறினால் கேட்பவர் பொறுத்துக்கொள்வார், மருந்தில் மாறினால் உண்பது பொறுக்காது" என்றாள். அவ்விடைக்கு யான் முழுப் புள்ளி வழங்கினேன். என் சாம்பலுக்குச் செய்யாது விட்டதை இனி எவர் வீட்டு உயிருக்கும் நாம் செய்யாது விடோமாக. கடை வாசலில் நின்று, கேட்கப்படாமலே, 'இது பூனைக்கு' என்று முதலிற் சொல்வோமாக.